சாமி போட்ட ‘ங்க’

போன வருடம் பங்குனியில், சூலூரில் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் பூச்சாட்டுத் திருவிழாவின்போது நடந்தது இது.

நான் காமிக்ஸ் வரைகிறவள். அப்போது ஒரு புதுக் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டியில் போகிற, வாட்ஸ்அப் பார்க்கிற ஒரு டவுன் பெண். அவள்மேல் அம்மன் இறங்கினால் ஊரே கைகட்டி நிற்கும். என் கதாநாயகிக்கு மாடல், எங்கள் வீட்டுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா. சொல்லிவிட்டுத்தான் வரைந்தேன். “கொஞ்சம் ஒல்லியாப் போடுங்க அம்மணி” என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை.

அக்கா வாயில் ‘ங்க’ இல்லாமல் ஒரு வார்த்தை வராது. கடைக்குள் நுழைந்த நாயைக்கூட “வெளிய போங்க சாமி” என்றுதான் விரட்டுவார். ஆனால் அருள் வந்துவிட்டால் கவுன்சிலர் என்ன, சொந்த மாமியார் என்ன, எல்லாருக்கும் ‘நீ, வா, போ’தான்! காமிக்ஸிலும் அதையே வைத்துக்கொண்டேன். கண்ணில் நெருப்பெல்லாம் வேண்டாம்; ‘ங்க’ போனால் சாமி வந்தாச்சு. கடைசிப் பக்கம் மட்டும் வருவேனா என்றது.

திருவிழா அன்று காலையிலிருந்து படம் போட்டுக்கொண்டே இருந்ததில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உச்சி வெயிலில் அக்காவுக்கு அருள் வந்தது. வரிசையில் நின்றவர்களை உரிமையோடு திட்டித் திட்டித் திருநீறு பூசினார். என் முறை வந்ததும் அவர் கை அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்தார்.

“சாப்ட்டீங்களா கண்ணு?”

பின்னாலிருந்து ஒரு பெரியவர், “அட, சாமிக்கு ஏதுங்க ‘ங்க’? சாயம் வெளுத்துப்போச்சுங்க!” என்றார். கூட்டம் சிரித்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதே பேச்சு.

அருள் வந்தபோது பேசியது எதுவும் அக்காவுக்கு நினைவிருக்காது. மறுநாள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடையில் அழுதுகொண்டிருந்தார்.

“நா நடிக்கலீங்க அம்மணி. ஆத்தா பேரையே கெடுத்துப்போட்டேன். இனிக் கோயில் பக்கமே போகமாட்டேனுங்க.”

என் பசியைக் கண்டுபிடித்ததற்கா இவருக்கு இந்தக் கெட்ட பேர்? அந்தப் பெரியவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கக் கிளம்பியவள், என்ன தோன்றியதோ, மாடியேறி மேசையில் உட்கார்ந்தேன். வராத கடைசிப் பக்கம் வந்துவிட்டது.

ஊரையே ‘நீ’ என்கிற அம்மன், பசித்து நிற்கிற ஒருத்தியிடம் “சாப்ட்டீங்களா கண்ணு?” என்கிறாள். கூட்டத்தில் ஒருவர், “சாமி எங்காச்சும் ‘ங்க’ போடுமா?” என்று மடக்குகிறார். அம்மன் திரும்பிப் பார்க்கிறாள்.

“ஏனுங்க, நானும் இந்த ஊர்க்காரிதானுங்களே?”

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஒல்லியாத்தான் போட்டிருக்கீங்க” என்றார். கலரில் பிரிண்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த அந்தப் பெரியவர் அதை நின்று படித்தார். “அதுஞ் சரிதானுங்க. நம்மூரு ஆத்தா வேற எப்படிப் பேசுவா?” என்று அவரே சிரித்துவிட்டார். இந்த வருடத் திருவிழாவில் அக்கா மறுபடியும் அருள் வந்து ஆடினார். திருநீற்றுக்கு முதல் ஆளாக நின்றவர் அந்தப் பெரியவர்தான்.

அன்று என்னிடம் கேட்டது அக்காவா, அம்மனா என்று இன்னும் பலர் விசாரிக்கிறார்கள். சொல்லத் தெரியவில்லை, ஆனால் யார் என்னைப் பார்த்துச் சாப்பிட்டீங்களா என்று கேட்டாலும் கை தானாகக் கும்பிடப் போகிறது.