அக்கா விட்ட இடைவெளி

“சன்னல் வழியாகப் பார், கண்ணு. கடலில் இப்போது என்ன தெரிகிறது?” என்று கேட்டுவிட்டு அந்த கேசட் சும்மா ஓடும். ஒரு பாட்டின் பல்லவியைப் பாடி முடிக்கிற நேரம் ஒன்றுமே பேசாது. அப்புறம், “நன்றாகச் சொன்னாய், கண்ணு” என்று மெச்சிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். முதல் தடவை கேட்கிறவர்கள் நடுவில் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். நானும் தட்டியவள்தான்.

குரல் என் நாத்தனாருடையது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகிப் புறப்படும்போது மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத என் அம்மா, “நாத்தனார்கிட்ட மட்டும் வாயை அளந்து பேசு” என்று எச்சரித்து அனுப்பினாள். வந்து பார்த்தால், சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட அந்த மனுஷிக்குத் தெரியாது. தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கேள்வி கேட்பார். செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரேடியோ, டேப் ரெக்கார்டர் மாதிரியான கருவிகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முடியுமா என்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எழுபதுகளில் இதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

நான் மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கு ஒரு ரேடியோ வந்திருந்தது. அதில் கல்வி ஒலிபரப்பு ஆரம்பித்து, “குழந்தைகளே, நலமா?” என்று கேட்டதும் என் வகுப்பு மொத்தமும், “நல்லாகீறோம்!” என்று கத்தும். ரேடியோக்காரர் என்ன கேட்டாலும் விடாமல் பதில் சொல்வார்கள். அந்தச் சத்தத்தில் அடுத்த நாலு வரி போய்விடும். அதட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. அந்தக் கரையில் பழக்கம் அப்படி. அலைக்கு அந்தப் பக்கம் கட்டுமரத்திலிருந்து ஒரு குரல் வந்தால், கரையில் யார் நின்றாலும் “ஓய்” என்று பதில் கொடுத்தாக வேண்டும். யார் வீட்டு ஆள் என்று பார்ப்பதில்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லையென்றால் கடலில் இருப்பவன் மனசு விட்டுப்போகும் என்பார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் ரேடியோவை மட்டும் எப்படிச் சும்மா விடுவார்கள்?

இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஒலிபரப்பு முழுக்கப் பார்த்தார். “பசங்க மேல தப்பில்ல. ரேடியோவுக்குத்தான் காது இல்ல. பொறுமையாவது இருக்க வேணாமா?” என்றார்.

அப்படிப் பிறந்தவைதான் அந்த கேசட்டுகள். எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து பதிவு செய்தார். கேள்வி கேட்டபின் பதிவை நிறுத்தமாட்டார். மைக்கைப் பிடித்தபடி, எதிரில் ஒரு பிள்ளை யோசித்துக்கொண்டிருப்பதைப் போல முகத்தைச் சாய்த்துக் காத்திருப்பார். நான் அடுப்படியில் கரண்டியைக்கூட வைக்கமுடியாமல் நிற்பேன். வகுப்பில் அதை ஓட்டியபோது பிள்ளைகள் பெட்டிக்குப் பதில் சொன்ன அழகைப் பார்க்க வேண்டும். பள்ளியில் வாயே திறக்காத ஒரு பெண்கூட, “எங்க நைனா மரம் வருது” என்று அப்பாவின் கட்டுமரத்தைக் காட்டிச் சொன்னாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதைப் பார்த்துவிட்டு மேலே முடிவு சொல்ல, அவருடைய பேராசிரியரும் இரண்டு அதிகாரிகளும் வந்தார்கள். அவர்கள் சரி என்றால் கரையோரப் பள்ளிகளுக்கெல்லாம் கேசட் போகும், ஆராய்ச்சியும் கரையேறும். எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனுஷர். பெரியவர்கள் வருகிறார்களே என்று, எங்களுக்குத் தெரியாமல் பிள்ளைகளை உட்காரவைத்து, “எவனாவது வாயைத் திறந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்” என்று சொல்லிவைத்துவிட்டார்.

கேசட் ஓடியது. கடலில் என்ன தெரிகிறது என்று அக்காவின் குரல் கேட்டது. வகுப்பே வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு அதிகாரி பெட்டியைத் தட்டினார். பாடத்தின் நடுவில் தான் குறுக்கிடுவதில்லை என்பது அக்கா வைத்த விதி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சன்னலுக்கு வெளியே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “இன்னா பசங்கடா நீங்க? அந்தம்மா கேட்டுகினே கீது, ஒருத்தனும் பேசமாட்றீங்க! நாலு மரம் வந்துகினு கீதும்மா!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அதற்குள், “நன்றாகச் சொன்னாய், கண்ணு” என்றது பெட்டி. அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

வெற்று நாடாவை ஓடவிடுவது வீண் செலவு, இடைவெளிகளைப் பாடத்தால் நிரப்பினால்தான் ஆராய்ச்சி தேறும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அக்கா கொஞ்ச நாள் முரண்டு பிடித்தார். பிறகு அந்தக் கோடை விடுமுறையில் அதே உள்ளறையில் உட்கார்ந்து, பழைய கேசட்டுகளின் மேலேயே கேள்வியும் தானே, பதிலும் தானே என்று பேசி நிரப்பினார். கடல் பாட கேசட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. தொலைந்துவிட்டது என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அந்தப் பாடத்தை வேறு கேசட்டில் புதிதாகப் பேசினார்.

பள்ளி திறந்தபின் ஒருநாள் கடல் கொந்தளித்துக் கிடந்தது, ஒரு மரமும் இறங்கவில்லை. “கடலில் கட்டுமரங்கள் தெரிகின்றன” என்றது புது கேசட். அந்த வாய் திறக்காத பெண் சன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா டீச்சர், இது பொய் சொல்லுது?” என்றாள். அதற்கப்புறம் பெட்டிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா அன்று கடைசி பெஞ்சில்தான் இருந்தார்.

பட்டம் கிடைத்தது. நான் வாங்கிவந்த மைசூர்பாகைப் பிட்டு எனக்கே ஊட்டிவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்ணெல்லாம் மஞ்சளாக, “தொலைஞ்சு போச்சுன்னியே, அது பத்திரமா இருக்கா?” என்று கேட்டார். இருக்குக்கா என்றேன். “இருக்கட்டும்” என்றார். அந்த வாரமே போய்விட்டார். அவரைப் போல என்னிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் வேறு யாரும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது செங்கல்பட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்திக்குப் பாடமெல்லாம் போனில். அது மூச்சுவிடாமல் பேசுகிறது, அவளும் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். போன மாதம் மகன் எங்கிருந்தோ ஒரு பழைய டேப் ரெக்கார்டரைத் தேடிப் பிடித்து வந்தான். வீட்டில் யாருமில்லாத மத்தியானத்தில் கேசட்டைப் போட்டேன். நாடா நைந்து குரல் கொஞ்சம் இழுத்தது. கடலில் இப்போது என்ன தெரிகிறது என்று அக்கா கேட்டார். பிறகு அந்த இடைவெளி. காதை வைத்துக் கேட்டால் அதில் ஒரு காக்கை கத்துகிறது. அக்கா மூச்சுவிடுவது கேட்கிறது.

எழுந்துபோய்ச் சன்னல் வழியாகப் பார்த்தேன். தண்டவாளம். எதிர் மாடியில் காய்கிற துணி.

“இங்கேர்ந்து கடல் தெரியலக்கா” என்றேன்.

“நன்றாகச் சொன்னாய், கண்ணு” என்றார் அக்கா.