கிடக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள்

இந்த ஊரில் யாராவது உங்களிடம் "கொஞ்சம் பேசணும்" என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து குடியேறப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் புத்திமதி இதுதான். நமக்குப் பேசுவது என்றால் ஏசுவது. பிந்திப் போனால் வாத்தியார் பேசுவார், பாலைப் பொங்க விட்டால் அம்மா பேசுவா. சும்மா உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லிக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கிற சொல் கதைப்பது. ஸ்ரீரங்கத்துக்கு வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "சாயங்காலம் வரேங்க, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாள். என்ன குற்றம் செய்தேன் என்று அன்று பகல் முழுக்க மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அவள் வந்தது, முருங்கைக்காய் நிறையக் காய்த்திருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்க. வந்த நிம்மதியில் நான், "இருங்கோ, ஆறுதலாக் கதைப்பம்" என்றேன். அவள் கதை கேட்கிற ஆவலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு வழி தெரியாமல் ஒரு கதையைச் சொல்லித்தான் அனுப்பி வைத்தேன்.

என் "வாங்கோ, இருங்கோ" இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்கியது. இங்கே கோயில் வீதிக்காரர்களும் "வாங்கோ" என்றுதான் சொல்கிறார்கள். மற்றவர்களெல்லாம் "வாங்க" என்று வாலை வெட்டிவிடுகிறார்கள். அதனால் தெருவில் பாதிப் பேர் என்னை ஐயங்கார் வீட்டுப் பெண் என்று முடிவு கட்டி, மீன்காரியின் கூடை என் வாசலில் இறங்கியதும் ஆடிப்போனார்கள். வாங்கோ என்கிற வாய் வஞ்சிரம் தின்னுமா என்று எனக்குக் கேட்கும்படியாகவே ஒருத்தி ஆச்சரியப்பட்டாள். நம்முடையதுதான் சுத்தத் தமிழ், அங்கே போய் அதை விட்டுவிடாதே என்று நீங்கள் எல்லோரும் சொல்லித்தானே என்னை அனுப்பினீர்கள்? அந்தச் சுத்தத் தமிழை வைத்துக்கொண்டு இங்கே ஒரு படி அரிசி வாங்க நான் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்லி மாளாது.

நான் வந்த காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் லால்குடிக்காரர். யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுத வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். இந்தியாக்காரர் அங்கே தங்குவதற்கான அனுமதியை இலங்கை அரசாங்கம் ஒரு வருடம் அவருக்கு நீட்டிக் கொடுக்கவில்லை. நாலு வயது மகள் யோகாவைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். மலைக்கோட்டைக்குக் கீழே அவருடைய அண்ணனின் ஜவுளிக்கடையில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது, எனக்கு அம்மா மண்டபம் சாலையில் வாடகை வீடு கிடைத்தது. கல்யாணம் கட்டியதோடு நானும் இந்தியாக்காரி ஆகிவிட்டேனாம். திரும்பிப் போக விசா கேட்டு எழுதிய மனுக்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. தாய் வீட்டுக்குப் போக விசா கேட்கிற நிலைமை வரும் என்று யார் நினைத்தார்கள்? அந்தக் கோபத்தில்தான் நான் பிள்ளைகளுக்குக் கதை எழுத ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். அவை பத்திரிகையில் வந்தன. பிறகு கடைவீதியில் சின்ன அச்சாபீஸ் வைத்திருக்கும் ஹமீது பாய் "குடை பிடித்த ஆமை" என்று ஒரு மெல்லிய புத்தகமாகவும் போட்டார். புத்தகத்தில் என் கல்யாணத்துக்கு முந்தைய பெயர்தான் இருந்தது.

அந்தப் புத்தகம் யோகா படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். புதிதாக மாற்றலாகி வந்தவர். ஹமீது பாயிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஒருநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார்.

"புஸ்தகம் எழுதறவா நம்ம ஊர்லயே இருக்கேள், எங்களுக்குத் தெரியலையே! ஒருநாள் வந்து கொழந்தேள்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார்.

எனக்குப் பழைய பயம் திரும்பியது. "பேசவோ? பிள்ளையள் என்ன பிழை விட்டவை?"

"பிழையா? அதை ஏன் கேக்கறேள்! ல, ள, ழ மூணும் ஒரே தகராறு. ஒத்தை வரியை உருப்படியா எழுத மாட்டேங்கறதுகள். நீங்க வந்து சொன்னாலாவது திருந்தறதான்னு பார்ப்போம்."

"நான் பேச மாட்டன் டீச்சர். வந்து கதைக்கிறன்."

"ரொம்ப சந்தோஷம். கதையே சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்தார். இரண்டு பேரும் முழு உடன்பாட்டோடு பிரிந்தோம்.

பெரிய டீச்சர் வந்து போனதைச் சொன்னபோது யோகாவின் முகம் விழுந்துவிட்டது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வீட்டுப் படலைக்கு உள்ளே ஒரு தமிழும் வெளியே ஒரு தமிழுமாகத் தடங்கலில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தாள். படலையைத் தாண்டிய அடுத்த நொடியே "எண்டு" போய் "ன்னு" வந்துவிடும். தன் அம்மா வேதாரண்யம் பக்கம் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தாள். பொய் சொன்னாலும் கடற்கரையோரமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாளே என்று எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

"அம்மா, அங்க வந்து என்னோட கதைக்காதேங்கோ. என்ர அம்மா எண்டும் சொல்ல வேண்டாம்" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"சிரிப்பினம். வந்த புதுசில என்னைச் சிரிச்சவை."

எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. இந்தப் பிள்ளைக்கு என் பேச்சு வெட்கமாக இருக்கிறதே என்று வந்த கோபம் இரண்டாவது, இவள் இத்தனை நாள் தனியாக நின்று அந்தச் சிரிப்பை வாங்கியிருக்கிறாளே என்பதுதான் முதலாவது. சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் எனக்கு வாத்தியாரானாள். அடுப்படியில் நின்றுகொண்டு, "'இருக்கு' எண்டு சொல்லுங்கோ. 'கிடக்கு' எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. இங்க மாடுதான் கிடக்கும்" என்று மிரட்டினாள். குறிப்பிட்ட நாளில் நான் திருச்சித் தமிழை மனப்பாடம் செய்துகொண்டு, முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூடத்தில் மேசை விரிப்பு, ரோஜாமாலை, ஒரு போத்தல் சோடா எல்லாம் தயாராக இருந்தன. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தார்கள். "விபீஷணாழ்வான் தேசத்திலேர்ந்து நம்ம ஊருக்கு வந்திருக்கற எழுத்தாளர்" என்று பெரிய டீச்சர் என்னை அறிமுகப்படுத்தினார். "ராவணன் ஊரு" என்று பின்வரிசை அதைச் சுருக்கமாக மொழிபெயர்த்துக்கொண்டது. யோகா குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் யாரும் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்பது டீச்சரின் வேலை என்றல்லவா அதுவரை நினைத்திருந்தார்கள்? கடைசியில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"நீங்க எப்பங்க செத்துப் போவீங்க?"

பெரிய டீச்சர் பிரம்பைத் தேடினார். அந்தப் பிள்ளை அழாக்குறையாக விளக்கம் சொன்னாள். "புக்குல எழுதினவங்க எல்லாருக்கும் பொறந்த வருஷம், கோடு, செத்த வருஷம் போட்டிருக்குங்க டீச்சர். பரீட்சையில கேப்பீங்கல்ல?" அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பாடப்புத்தகத்தில் அவள் கண்ட எழுத்தாளர் ஒருவர்கூட உயிரோடு இருந்ததில்லை. பிறந்த வருஷத்தைச் சொல்லி, கோட்டுக்குப் பிறகு இப்போதைக்கு இடம் விட்டு வை என்றேன். அவள் நிம்மதியாக உட்கார்ந்தாள்.

பிறகு ஆமைக் கதையை ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போனேன். கதை சூடு பிடித்ததும் மனப்பாடம் கழன்றுவிட்டது. "மழை பெய்யேக்க ஆமை என்ன செய்தது தெரியுமோ?" என்று கேட்டேன். பிள்ளைகள் விழித்தார்கள்.

"பெய்யேக்கன்னா என்ன டீச்சர்?" என்று ஒரு குரல் கேட்டது.

"பெய்யும்போது" என்று யோகாவின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பெரிய டீச்சருக்கு ஒரே பூரிப்பு. "அடடே, நம்ம ஸ்கூல்லயே சிலோன் பாஷை தெரிஞ்ச கொழந்தை இருக்கே! இங்க வாம்மா, வந்து பக்கத்துல நின்னு சொல்லு" என்றார். இப்படியாகத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க என் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேனே. "சொல்லுங்க டீச்சர்" என்றாள் என்னைப் பார்த்து. பத்து மாதம் சுமந்து நான் பெற்ற மகள் என்னை டீச்சர் என்கிறாள், நானும் "நன்றிம்மா" என்று அந்நிய மரியாதையோடு தலையாட்டுகிறேன். நாடகக் கொட்டகையில் போட்டிருந்தால் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்பீர்கள்.

ஆமை ஒருவழியாகக் கரை சேர்ந்தது. அப்போதுதான் கோதை என்கிற கோயில் வீதிச் சிறுமி கையைத் தூக்கினாள்.

"எங்க பெருமாள் உங்க ஊருக்குப் போக வேண்டியவர்தானே? விபீஷணன் எடுத்துண்டு போறச்சே காவேரிக் கரையில இறக்கி வெச்சான், அப்புறம் தூக்கவே முடியலை. அதனாலதான் இங்கயே தெற்கப் பார்த்துப் படுத்துண்டிருக்கார். அவரைத் திரும்பக் கேட்டு வாங்கிண்டு போகவா வந்திருக்கேள்?"

கேட்டுவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஊரே பறிபோய்விடும் என்கிற கவலை அந்தப் பிள்ளையின் முகத்தில் உண்மையாகவே இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திரும்பக் கொண்டு போவதாம்! நான் திரும்பிப் போவதற்கே வழியைக் காணோம். தெற்கே பார்த்துக்கொண்டு நான் விட்ட மனுக்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்த்தாள். மொழிபெயர்க்க நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மாவாலயே திரும்பிப் போக ஏலாமக் கிடக்கு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவளுக்கே தெரிந்தது. அம்மா என்றும் சொல்லியாயிற்று, கிடக்கு என்றும் சொல்லியாயிற்று. பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, "கிடக்காம்டீ" என்று பரவ ஆரம்பித்தது. யோகா என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாக்கைக் காற்றில் விட்டுவிட்டு அவளை அணைத்துக்கொண்டேன்.

"யாரது சிரிக்கறது?" என்று எழுந்தார் பெரிய டீச்சர். அவர் எங்களுக்காகப் பரிந்து வருகிறார் என்று நினைத்தேன். எங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெருமாள் என்ன பண்றார் இங்க? நிக்கறாரா? உக்காந்திருக்காரா? கிடக்கறார்! கிடந்த திருக்கோலம்னு தினம் சேவிக்கறேளே, கிடக்குன்னா என்னடி சிரிப்பு? இன்னொரு தடவை சிரிச்சேள்னா வெயில்ல நிக்க வெச்சுடுவேன்!"

இது பேச்சு. நம் ஊர் அர்த்தத்தில் அசல் பேச்சு. இந்த ஊரில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன், மனம் குளிர்ந்துவிட்டது. சிரிப்பு அடங்கியது. எங்கள் மானம் போகாமல் பெருமாள் பார்த்துக்கொண்டார், அதுவும் படுத்தபடியே.

வீட்டுக்கு நடக்கும்போது யோகா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அம்மா மண்டபம் வந்ததும், "கிடக்கு எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள்.

"ஓம்."

"பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை."

"ஓம், பிள்ளை" என்றேன். கையை அவள் விடவில்லை.

மறுவாரம் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைகளைக் கொண்டு கையால் புத்தகம் செய்வித்தேன். "அச்சாபீஸ் இருக்கறச்சே கையால எதுக்கு?" என்று பெரிய டீச்சர் கேட்டார், ஆனால் தடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஜவுளிக்கட்டில் வருகிற பழுப்புத் தாளை அட்டைக்குக் கொடுத்தார். தாளை மடித்து, நடுவில் ஊசியால் தைத்து, ஆளுக்கொரு கதை எழுதினார்கள். பெரிய டீச்சர் ஒவ்வொன்றாக வாங்கி லகர ளகரத்தைத் திருத்தியபடி இருந்தார். கடைசிப் பக்கத்தில் எழுதியவரைப் பற்றிய குறிப்பு. எல்லாப் பிள்ளைகளும் பிறந்த வருஷத்தை எழுதி, ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பத்திரமாக இடம் விட்டிருந்தார்கள். யோகாவும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "ஊர்: யாழ்ப்பாணம் –". அதிலும் கோட்டுக்குப் பிறகு வெறும் தாள்.

"இதென்ன பிள்ளை, ஊருக்கும் கோடு?" என்று கேட்டேன்.

"மிச்சம் இன்னும் தெரியாதுதானே அம்மா" என்று சொல்லிவிட்டு நூலின் முனையைப் பல்லால் கடித்தாள். வகுப்பறையில், எல்லோருக்கும் கேட்கும்படி, அம்மா என்றாள்.

போன மாதம் ஹமீது பாய் என் புத்தகத்தை இரண்டாம் தடவை அச்சுக்கு எடுத்தார். "இப்ப ஸ்கூல்ல எல்லாம் கேக்குறாங்கம்மா, எழுதினவங்க யாரு, எந்த ஊருன்னு. நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். புரூஃப் வந்ததும் கடைக்கு வரச் சொன்னார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஊர் என்ற வரியில் விரலை வைத்தார்.

"யாழ்ப்பாணம்னு போட்டு ஒரு கோடு இருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணையும் காணோமே. நம்ம கம்போசிட்டர் விட்டுட்டானா? பிழையாம்மா?"

"பிழையில்லை பாய்" என்றேன். "கிடக்கட்டும்."