நான் போட்ட கூரை

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை இருந்தது. விறகும் வறட்டியும் ஒரு பக்கம், மாதத்தில் மூன்று நாள் நான் இன்னொரு பக்கம். வீட்டுக்கு விலக்கானால் அங்கேதான் இருக்க வேண்டும். மணவூரிலிருந்து திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலே அது எனக்கு எரிச்சல். குழந்தை பிறந்த பிறகோ தாங்க முடியவில்லை. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அந்த மூன்று நாளும் அவள் உள்ளே அழுவாள், நான் வெளியே கேட்டுக்கொண்டிருப்பேன். தொடக் கூடாது.

மழை மட்டும் என் பக்கம் இருந்தது. கொட்டகையின் பனையோலை மக்கிப் போய், நாலு தூறலுக்கே சொட்டும். பாய் நனைந்தால் மாமியார் வேறு வழியில்லாமல் பின்கட்டுத் தாழ்வாரத்தில் உட்காரச் சொல்லுவார். அங்கே ஒரு ஜன்னல். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எட்ட இருந்தே முகத்தைக் கோணிக் காட்டுவேன், சிரிப்பாள். அழுகை நின்றுவிடும்.

அது உலகச் சண்டை நடந்த காலம். ஆவணி மழையில் விறகெல்லாம் நனைந்து அடுப்பு எரியாமல் போகவே, கூரையை மாற்றியே தீர வேண்டும் என்றார் மாமியார். தகரம் கண்ணிலேயே படாது. கையைக் கடிக்காமல் என்ன போடலாம் என்று பேச்சு நடந்தது. என் வீட்டுக்காரர் கரும்புச் சோகை என்றார், சும்மாவே கிடைக்கும். மாமியார் மறுபடி பனையோலை என்றார். சோகையில் எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், ஓலையோ இரண்டு மழைக்காலம் தாங்காது. இதையெல்லாம் சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் சொல்லி ஒரு காரியமும் நடந்ததில்லை, ஒன்றாவது நடக்கட்டுமே என்ற வீம்பு.

என் அப்பா மணவூர் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றியவர். கூட்ஸ் வண்டியின் தார்ப்பாய்மேல் மழை வழிந்தோடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பழைய கோணிகளைப் பிரித்துத் தைத்து, தார் பூசி, மூங்கில் பிளாச்சின்மேல் விரித்தால் போதும் என்றேன். ரோடு போட்ட இடத்தில் பீப்பாயின் அடியில் ஒட்டிக் கிடந்த தாரை, மேஸ்திரியைக் கேட்டு வீட்டுக்காரர் கொண்டு வந்தார். காய்ச்சிப் பூசியது நான். வெயிலில் இளகி ஒட்டாமலிருக்க மேலே மணல் தூவியதும் நான். ஒரு அடுக்கே போதும் என்றார் மாமியார். இரண்டு வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஒரு சொட்டு வராது, பாருங்கள் என்று பெருமை வேறு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது நான் விலக்கு. பிற்பகல் நேரம். கொட்டகைக்குள் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். வறட்டிகூடக் காய்ந்து கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு உள்ளே மகள் அழ ஆரம்பித்தாள். என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அழுகை நிற்கவில்லை. அம்மா அம்மா என்று கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரைப் பாயில் ஊற்றினேன். மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குரல் கொடுத்தேன்.

"ஒழுவுதுங்க அத்த."

மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"நீ பூசுன தாரும்மா அது, ஒழுவாது" என்றார். "பாய மடிச்சிட்டு காஞ்ச பக்கமா உக்காரு. எல்லா பக்கமும் காஞ்சிதான கீது."

மகள் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். மாமியார் கதவைச் சாத்தினார்.