பௌர்ணமி அன்று பார்த்த வீடு

கொஞ்ச நாளாக எனக்கு ஒரு புது உத்தியோகம். வீடு பார்ப்பது! எனக்கில்லை... என் சித்தி பெண் சுமதிக்கு.

சென்னையில் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் மகள், ஆறு வயது யாழினிக்கு வீசிங். அவர்கள் தெருவுக்குப் பின்னால் லாரி ஷெட். ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். குழந்தை நாலு எட்டு ஓடினால் போதும், மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். தூசி, புகை இல்லாத இடமாகப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுமதியின் கணவர் பாஸ்கருக்கு வீட்டிலிருந்தே வேலை. பிறகென்ன... திருவண்ணாமலையில் அக்கா என்று ஒருத்தி நான் எதற்கு இருக்கிறேன்?

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு வீடு. மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரிகிறது. வாசலில் வேப்பமரம், பின்னால் மயில் வேறு! நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தெருவில் ஆடுகள்கூட அவசரப்படாமல் நடந்தன. பாஸ்கர் சொக்கிப்போய்விட்டார்.

"காத்தைப் பாருங்கக்கா! இங்க வந்துட்டா மருந்தே தேவையில்ல."

அட்வான்ஸ் அனுப்ப போனையே எடுத்துவிட்டார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"இருங்க தம்பி. பௌர்ணமி அன்னிக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டு அப்புறம் குடுங்க."

"மாசத்துல ஒரு நாள்தானேக்கா..."

அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகளுக்காகத்தானே இத்தனை ஆசையும்? ஆனால் எங்கள் ஊர் ஒன்றல்ல, இரண்டு. சாதாரண நாளில் ஒரு ஊர், பௌர்ணமியில் இன்னொரு ஊர். வெளியூர்க்காரர்களுக்கு இது சொன்னால் புரியாது, வந்து நின்று பார்க்க வேண்டும்.

பௌர்ணமி சாயங்காலம் வந்தார்கள். போலீஸ் தடுப்புக்கு முன்னாலேயே ஆட்டோ நின்றுவிட்டது.

"இதுக்கு மேல வண்டி போவாதுங்க. நடந்துதான் போணும்" என்றார் டிரைவர்.

நடந்தோம் என்று சொல்வதைவிட, கூட்டம் எங்களைக் கொண்டுபோனது என்று சொல்லலாம். வழியெல்லாம் கற்பூரம், சாம்பிராணி, கடை அடுப்புகள், காலடித் தூசி. குறை சொல்லவில்லை — நானும் மலை சுற்றுகிறவள்தான். ஆனால் அந்தச் சின்ன நெஞ்சுக்கு சாமி புகை, லாரி புகை என்ற பேதமெல்லாம் தெரியுமா?

வீட்டை நெருங்குவதற்குள் யாழினிக்கு இழுப்பு வந்துவிட்டது. பாஸ்கர் வாரித் தூக்கிக்கொண்டார். சுமதி இன்ஹேலரை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, யார் எவர் என்றுகூடக் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, உட்காரவைத்தார். குழந்தைக்கு மூச்சு சீரான பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

"கொழந்தைக்கு இப்டி இருக்குதுன்னா இங்கியாம்மா வீடு பாக்கறீங்க? அவசரம்னா வண்டிக்கு வழி விடுவாங்கதான்... ஜனம் நகரணுமே! எங்க மாமனாருக்கும் இழுப்பு ஜாஸ்தி. பௌர்ணமின்னா முந்தின நாளே டவுன்ல நாத்தனார் வீட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடுவோம்."

பாஸ்கர் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது சொன்னார்.

"எனக்குப் புடிச்ச வீட்டைத்தாங்க்கா பாத்திருக்கேன். அவளுக்குப் பாக்கல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது வேங்கிக்கால். புது லேஅவுட், பளபளவென்று டைல்ஸ். இந்த முறை நான் உஷார்! நல்ல மழை பெய்த மறுநாள் கூட்டிப்போனேன். வீட்டுக்குள் டைல்ஸ் மின்னியது... வாசலில் குளமும் மின்னியது. கொசு எங்களுக்கு முன்பே குடிவந்திருந்தது. வந்த வழியே திரும்பிவிட்டோம்.

கடைசியில் அதே வேங்கிக்கால் பக்கம், கொஞ்சம் மேடான ஒரு தெருவில் சுமாரான வீடு ஒன்று அமைந்தது. மாடியில் ஏறினால் தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் மட்டும்தான். ஆனால் மழைத் தண்ணீர் நிற்பதில்லை, பௌர்ணமிக் கூட்டமும் அந்தப் பக்கம் வருவதில்லை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், குழந்தை டாக்டர் ரெண்டு தெரு தள்ளி. பாஸ்கர் மறுபேச்சில்லாமல் சரி என்றார்.

வீடு பார்க்கும்போது வாஸ்து பார்க்கிறோம், நல்ல நேரம் பார்க்கிறோம். தாராளமாகப் பாருங்கள். கூடவே, அந்த வீட்டின் மோசமான நாள் எது என்று விசாரித்து, அன்றைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். நல்ல நாளில் எந்த வீடுதான் நன்றாக இருக்காது?

நேற்று சாயங்காலம் சுமதியிடமிருந்து போன். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"அக்கா! யாழினி தெருவுல புள்ளைங்களோட ஓடிப்புடிச்சு வெளையாடி வுழுந்துட்டாக்கா... முட்டி ரெண்டும் செராய்ப்பு!"

பிள்ளைக்கு அடிபட்டதை இத்தனை சந்தோஷமாகச் சொன்ன அம்மாவை நான் பார்த்ததே இல்லை.