பூட்டிய வீடுகள் மிகுதி

1. கோவில்பட்டியில் பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் நகருக்கு ஒரு பால்வாடி வேண்டும் என்று மனுக் கொடுத்தோம்.
2. பிள்ளைகளை நேரில் பார்த்து எண்ண வருவதாக அதிகாரி சொன்னார்.
3. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று, தன் விடுமுறையையும் விட்டுக்கொடுத்து, பங்குனி உத்திரத்தன்று வருவதாக நாள் குறித்தார்.
4. நகர்ச் சங்கச் செயலாளர் "வாங்கம்மா" என்றார்.
5. அதிகாரி வந்தார். நாங்கள் இல்லை.

தனித்தனியாகப் பார்த்தால் ஐந்திலும் தப்பில்லை. அதிகாரி வடக்கு மாவட்டம் ஒன்றிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பெண். பங்குனி உத்திரத்தன்று இந்தப் பக்கத்தில் குடும்பம் குடும்பமாகக் குலசாமி சாஸ்தாவைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறோம்: நம் ஒரு வீடு இல்லாவிட்டால் என்ன, மற்றவர்கள் இருப்பார்கள்.

மனுவுக்கு விவரம் திரட்டியது நான். சிவில் படித்துவிட்டு, செயற்கைக்கோள் படங்களில் கட்டடங்களை அடையாளம் கண்டு வரைபடமாக்கும் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். கூரைகளை எண்ணிப் பழக்கம் உண்டு. கூரைக்குக் கீழே இருப்பவர்களை எண்ணியது அதுதான் முதல் தடவை.

முதல் தெருவில் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளிகளும் பஜாரில் கடை வைத்திருப்பவர்களும். அடுத்த தெருவில் வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள், வங்கிக்காரர்கள். அதற்கடுத்து, பிள்ளைகளின் படிப்புக்காக நாகலாபுரத்திலிருந்தும் பசுவந்தனையிலிருந்தும் வந்தவர்கள். இதில் பாதி வீடுகளில் வாசலில் தமிழ், அடுப்படியில் தெலுங்கு. கடைசியில், மில்லுக்கு வந்திருக்கும் ஒடிசாக்காரர்களின் லைன் வீடுகள்.

"எந்த ஊர்?" என்று கேட்டேன். எல்லோரும் வேறு ஏதோ ஊரைச் சொன்னார்கள். சொந்த வீடு கட்டிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களும் அப்படித்தான். கோவில்பட்டி என்று பதில் வந்தது ஒரே வீட்டில், பல தலைமுறையாக இங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தில். அந்த அம்மாவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "இந்த ஊருதான். வேற எந்த ஊரு?"

பால்வாடி யாரைவிடவும் என் மதினிக்கு அவசியமாக இருந்தது. மதினி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அண்ணனுக்கு ஓசூரில் வேலை. மதினியின் அம்மா குளத்தூரிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டதால் அவரும் திரும்ப வேண்டியிருந்தது. எங்கள் அம்மாவுக்கு ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட முடியாது. எனக்கு நாள் முழுக்கக் காதில் ஹெட்போனும் முன்னால் மீட்டிங்கும். இங்கே பால்வாடி வந்தால் பிள்ளை மதினியோடு இருக்கும். இல்லையென்றால் குளத்தூர்.

உத்திரத்தன்று காலையில், நாகலாபுரம் தாண்டி வேலிக்கருவைக் காட்டுக்குள் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து அடுப்பின் புகைக்குள்ளிருந்து எங்கள் எதிர்வீட்டு அக்கா எழுந்து வந்தார்.

"ஏட்டி, நீ எங்க இங்கன?"

"எங்க சாமி இதுதான்க்கா."

"எங்களுக்கும் இதான். எதிர்த்தாப்புல இருந்துக்கிட்டு இத்தன வருசமா தெரியலையே."

எனக்கு அப்போதுதான் பக்கென்றது. சுற்றிலும் பார்த்தேன். மூன்றாம் தெருவில் பாதி அங்கே இருந்தது. சங்கக் கூட்டத்துக்கு ஒருநாளும் வராதவர்கள்கூட இருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு சங்கச் செயலாளர் வந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஆபீசரம்மா வாராங்கல்லா?" என்றேன்.

"வாராவ. நீங்கள்லாம் வீட்டுல இருப்பியன்னுல்லா நெனச்சேன்."

"நாங்க நீங்க இருப்பியன்னு நெனச்சோம்" என்றார் மதினி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கையில் இருந்த அகப்பை மட்டும் நின்றுவிட்டது.

"போன் போட்டு அந்தம்மாவ இங்கன வரச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் எதிர்வீட்டு அக்கா. "பிள்ளைய எல்லாம் இங்கனதான கெடக்கு. எண்ணிட்டுப் பொங்கலும் சாப்பிட்டுட்டுப் போவட்டும்."

செயலாளர் நிஜமாகவே போனை எடுத்தார். சிக்னல் இல்லை.

நகரில் நடந்ததை ஜவுளிக்கடை வீட்டு அம்மா பிறகு சொன்னார். அதிகாரி வெயிலில் தெருத்தெருவாகப் பூட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்து டீ குடித்திருக்கிறார். அங்கே வீடு நிறையப் பேரப்பிள்ளைகள். லீவுக்குக் காயல்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று இந்த அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். லைன் வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள், ஆதார் முகவரி ஒடிசாவில் இருந்தது.

அறிக்கையில் இப்படி எழுதப்பட்டது: பூட்டிய வீடுகள் மிகுதி, குடும்பங்கள் நிலையாக வசிப்பதாகத் தெரியவில்லை. கரிசல் மண் வீங்கிச் சுவர் வெடித்துவிடும் என்று ஆளுயரத்துக்கு மேல் தோண்டி அஸ்திவாரம் போட்டவர்களைப் பற்றிய வரி அது.

மதினியும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"சாமி கும்பிடப் போனீங்க, சரி. உங்க பையன் பேரு எந்த பால்வாடி மையத்துல இருக்கு?"

மதினி கொஞ்சம் தயங்கி, "குளத்தூர்ல" என்றார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். அங்கேயே பால்வாடியில் பெயர் எழுதி, சத்துமாவும் அங்கேயே வாங்கினார்கள். பிறகு பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரி மனுவில் இருந்த மற்றப் பெயர்களையும் கணினியில் தட்டிப் பார்த்தார். நாகலாபுரம், பசுவந்தனை, மறுபடி நாகலாபுரம். மனுவோடு வைக்க நான் அழகாக வண்ணம் பிரித்துப் போட்டிருந்த வரைபடத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பேரை அங்கிருந்து எடுத்து இங்க சேர்த்துட்டு வாங்க, அப்பதான் இந்த ஊர்க் கணக்குல வரும்" என்றார் அதிகாரி.

"எங்க மேடம் சேர்க்க?" என்றார் மதினி. "இங்கதான் பால்வாடியே இல்லையே."

அதிகாரி சிரிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். உண்மையிலேயே எழுதினார், நகல் எங்களுக்கும் வந்தது.

பதில் வரவில்லை. மதினி வேலைக்குப் போய்வருகிறார். பிள்ளை குளத்தூரில் இருக்கிறான், அங்கே பால்வாடிக்குப் போகிறான். சனிக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்ததும் மதினி குளத்தூருக்குப் பஸ் ஏறுகிறார். திங்கட்கிழமை காலையில் திரும்பி வருகிறார்.