ஆந்தையைக் கூப்பிட்டு விஷம் வைத்தோம்

போன வாரம் என் வயலில் ஓர் ஆந்தை செத்துக் கிடந்தது, பிள்ளைகளே. அதற்காக நான் நட்ட தென்னை மட்டைக்கு அடியிலேயே!

ஆந்தைக்கு எதற்கு மட்டை என்கிறீர்களா? குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் நெல் பால் பிடிக்கும்போது எலித் தொல்லை தாங்காது. கதிரைக் கத்தரித்துப் போட்டுவிடும். அதனால் தென்னை மட்டையைத் தலைகீழாக வயல் நடுவே நடுவோம். அகலமான பக்கம் மேலே இருக்கும். பொழுது சாய்ந்ததும் ஆந்தை வந்து உட்காரும்... எலியைக் கண்டால் பாயும். அவ்வளவுதான்.

இந்தத் தடவை ஒரு ஜோடி வந்தது. பழைய மோட்டார் கொட்டகையில் குஞ்சும் பொரித்தது. என் மகள் பானு ஸ்கூல் விட்டதும் நேரே அங்கேதான் போவாள். குஞ்சுகள் 'உஸ்ஸ்' என்று சீறுவதைக் கேட்காமல் வீட்டுக்கு வரமாட்டாள்.

பக்கத்து வயல் செல்வத்துக்குப் பொறுமை இல்லை. வரப்போரம் எலி மருந்து வைத்துவிட்டான். அதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான சாப்பாடு உண்டா?

செத்த ஆந்தையை அவனிடம் காட்டினேன்.

"நான் எலிக்குத்தானண்ணே வெச்சேன்... ஆந்தைக்கா வெச்சேன்?"

"அந்த எலியை யாருடா திங்கிறது?"

"விடுங்கண்ணே. அதுவே அபசகுனம். அதுக்குப் போயி துக்கம் விசாரிக்க வந்துட்டீங்க!"

அன்று மாலையே வாய்க்காலில் ஜோடி ஆந்தையும் செத்து மிதந்தது.

பானு கோழிக்கறியைத் துண்டாக்கி, குச்சியில் குத்தி நீட்டினாள். "தின்னுடா... என் தங்கம்ல!" குஞ்சுகள் வாயைத் திறக்கவில்லை. அவற்றுக்கும் அதே எலிதானே இரையாகப் போயிருக்கும்?

புதன்கிழமை கொட்டகையில் சத்தமே இல்லை.

"தூங்குதுங்களாப்பா?"

ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினேன். அவள் கையிலிருந்த கறிக் குச்சியைக் கீழே போட்டாள்.

வயல் என்றால் நெல் மட்டுமா? நண்டு, தவளை, எலி, பாம்பு, ஆந்தை — ஒன்றை ஒன்று தின்றுதான் எல்லாமே பிழைத்து வந்தன. ஆனால் எதுவும் இன்னொன்றை அடியோடு தீர்த்துக்கட்டியதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் நமக்குத்தான் வாய்த்தது.

நேற்று செல்வம் வந்தான். "மறுபடியும் எலி, அண்ணே! உங்க பக்கத்துலேர்ந்துதான் வருது. நீங்களும் கொஞ்சம் மருந்து வையுங்க."

"ஆந்தையும் அதே மாதிரி மறுபடி வருமா சித்தப்பா?" என்றாள் பானு.

செல்வம் என்னைப் பார்த்தான். நான் வரப்பைப் பார்த்தேன்.

எங்கள் இரண்டு பேருக்குமே மருந்து வைக்கத் தெரியும். ஓர் ஆந்தையைச் செய்யத்தான் தெரியாது.