அப்பா சொல்லாத பெயர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில். மைசூர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. கையும் காலும் எப்படியோ போகட்டும், அவர் பேசினால் போதும் என்றிருந்தது எனக்கு. பேசிப் பேசியே வீட்டை நிரப்பியவர் அவர்.

வாரம் இருமுறை ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு எங்களை மூன்று பேரிடம் தள்ளிவிட்டார். காலுக்கு ஒருவர். இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே அப்பாவை நிறுத்தி, "நடீரி சார், நடீரி" என்று விரட்டுவார். கைக்கு ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள். பந்து, கட்டை எதுவும் கொடுக்காமல், அப்பாவின் கோட்டையே கொடுத்துப் பொத்தான் போடச் சொன்னாள். அம்மா ஓடிப்போய்ப் போட்டுவிட்டாள். "நீங்க போட்டா உங்க கைதான் நல்லாகும்" என்று அதட்டு விழுந்தது.

பேச்சுக்கு ஒரு கன்னடப் பெண், என் வயதுதான் இருக்கும். படங்களைக் காட்டிப் பெயர் கேட்பாள். பசு, குடை, சாவி எல்லாம் மெல்ல மெல்ல அப்பாவின் வாயிலிருந்து கோணல்மாணலாக வந்தன. கடைசியில் அம்மாவைக் காட்டி, "இவங்க பேரு என்ன சார்?" என்பாள். தானே இரண்டு முறை அந்தப் பெயரைச் சொல்லியும் காட்டுவாள். அப்பா தலையைக் குனிந்துகொள்வார். 'மனைவியின் பெயர் சொல்ல வரவில்லை' என்று சீட்டில் எழுதினாள்.

அதைப் படித்துவிட்டு ஜட்காவில் விசும்பினேன். அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அடி அசடே, நல்லா இருந்தப்பவே உங்கப்பா என் பேரைச் சொன்னதில்ல. 'இங்க பாரு'ன்னுதான் கூப்பிடுவார். இப்ப ஊரார் முன்னாடி சொல்லிடுவாராக்கும்!"

எனக்கு என் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லையே! மறுவாரம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று சிரித்தவள், "சரி, இப்போ எப்படிக் கூப்பிடறார்?" என்றாள். தொண்டையைச் செருமுவார், அம்மா காப்பியோடு போய் நிற்பாள் என்றேன்.

"அதான் தப்பு. வாயைத் தொறந்து கூப்பிடற வரைக்கும் போகாதீங்க அம்மா."

மறுநாள் காலை அப்பா கூடத்தில் கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செருமினார். சமையலறையில் அம்மா எழுந்தாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். மறுபடி செருமினார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாவம்டி, விடுடி" என்றாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. மூன்றாம் முறையும் செருமிப் பார்த்தார். பிறகு கூடத்திலிருந்து அம்மாவின் பெயர் வந்தது, குழறலாக, ஆனால் முழுசாக.

அம்மா அசையவில்லை. "யாரைக் கூப்பிடறார்?" என்று என்னைக் கேட்டாள்.

அடுத்த முறை அந்தப் பெண் வழக்கம்போல் அம்மாவைக் காட்டிக் கேட்டாள். அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவள் சீட்டை எடுத்தாள். வீட்டில் கூப்பிட்டாரே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முழங்கையால் இடித்தாள்.

"சொல்லலைன்னே எழுதிக்கட்டும்" என்றாள், முகமெல்லாம் சிவந்து.